ஒருத்தர் மட்டும் கடையைப் பூட்ட முடியாது: வர்த்தக சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள வர்த்தக சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கடைகளுக்கும் சிறு தொழில்களுக்கும் கணக்கு எழுதுகிறவள். பலசரக்குக் கடை, புடவைக் கடை, ஹார்ட்வெயார், மருதமுனையில் தறி வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே தூள் இடித்து விற்கிற அக்காமார் என்று பல பேருடைய கொப்பிகள் என் மேசைக்கு வருகின்றன. ஒரு முதலாளி களைத்துப்போய்விட்டார் என்பது அவர் முகத்தில் தெரிய முன்னமே கொப்பியில் தெரிந்துவிடும். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் பில்கள் ஒழுங்கு தவறும். மாதம் முடிந்ததும் கோவையில் அடுக்கிக் கொண்டுவருகிறவர், மூன்று மாதத்துப் பில்லை ஒரு சொப்பிங் பையில் திணித்துக்கொண்டு வருவார். அப்புறம், ஸ்டோரில் இருக்கிற சாமானையே திரும்ப இறக்கியிருப்பார். கடைசியாகக் கடன் கொப்பி. யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்று கேட்டால், "விடுங்க தங்கச்சி, வந்தா வரட்டும்" என்பார். ஐந்து ரூபாய் இடித்தாலும் திரும்பக் கூட்டிப் பார்க்கச் சொன்ன மனிதர் அவர். அவர் வாயிலிருந்து அந்த "விடுங்க" வரும்போது எனக்குப் பயமாக இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இந்த நிலைக்கு 'burnout' என்ற பெயரில் இடம் கொடுத்திருக்கிறது. இதை ஒரு நோயாக அது சொல்லவில்லை. வேலையில் நெடுநாள் சேர்ந்து, சமாளிக்கப்படாமல் போன அழுத்தத்தின் விளைவு என்கிறது. உடம்பும் மனமும் வற்றிப்போவது, செய்கிற தொழிலே வெறுத்துப்போவது, முன்பு ஓடிய கை இப்போது ஓடாமல் போவது என்று மூன்று அடையாளங்கள் சொல்கிறது. எங்கள் கடைத்தெருவில் இந்த மூன்றும் இருக்கிற முதலாளிமாரை உங்களுக்கும் தெரியும். அதே நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டுகிற கடையில் ஏழு நாளும் நிற்பவருக்கு 84 மணி வருகிறது. வீட்டுக்குப் போனபின் வட்ஸ்அப்பில் வருகிற ஓடரை நான் இதில் சேர்க்கவில்லை.

கடையில் நிற்கிற பொடியனுக்குச் சட்டம் இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்து, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் கொடுக்கிறது. முதலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு லீவு கொடுக்க யாருமில்லை.

தொழில் முனைவோர் பயிற்சிகளில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். நேரத்தைத் திட்டமிடுங்கள், காலையில் நடவுங்கள், போனை ஓரமாக வையுங்கள் என்பார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் ஒரு பலசரக்குக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை பூட்டினால் அவருடைய வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார், அடுத்த கிழமையும் அங்கேயே போவார். இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் இந்த மடலைத் தனித்தனி முதலாளிமாருக்கு எழுதாமல் சங்கங்களுக்கு எழுதுகிறேன். ஒருத்தரால் முடியாததை எல்லாருமாகச் செய்யலாம்.

சேர்ந்து பூட்டுவது எங்கள் ஊர்களுக்குப் புதிதில்லை. ஹர்த்தால் என்றால் ஒரு நோட்டீசில் முழுத் தெருவும் பூட்டும். ஊரடங்கு, குண்டுவெடிப்பு, கொரோனா என்று எத்தனை நாள் பூட்டியிருக்கிறோம். இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. நினைத்திராத நேரமெல்லாம் பூட்டவேண்டி வந்ததால், திறக்கமுடிந்த ஒரு நாளையும் விட எங்கள் ஆட்களுக்கு மனம் வருவதில்லை. சுனாமியில் சாமானெல்லாம் போய்ப் பூச்சியத்திலிருந்து எழும்பியவர், 2022 இல் கரண்ட்டும் டீசலும் இல்லாமல் கடையில் சும்மா குந்தியிருந்தவர், இன்றைக்கு ஓய்வெடுங்கள் என்றால் எப்படி எடுப்பார்? அவரைப் பேராசைக்காரர் என்று சொல்கிறவர்கள் அவருடைய கணக்கைப் பார்த்ததில்லை.

சரி, ஓய்வுக்காகச் சேர்ந்து பூட்டினால் வியாபாரம் போய்விடுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருது கடைத்தெருக்களைப் பாருங்கள். எல்லாக் கடையும் பூட்டுவதால் யாரும் யாருடைய வாடிக்கையாளரையும் இழப்பதில்லை. சனம் முந்தியோ பிந்தியோ வந்து வாங்குகிறது. போயா அன்று இறைச்சிக் கடை திறக்காது என்று தெரிந்தவர்கள் முதல் நாளே வாங்கி வைக்கிறார்கள். நேரம் நிச்சயமாகத் தெரிந்தால் வாங்குகிறவர் தன்னைப் பழக்கிக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் ஊருக்குப் பொருத்தமான ஒரு அரை நாளைத் தெரிந்தெடுத்து எல்லாக் கடைகளையும் பூட்டட்டும். பாமசி, சாப்பாட்டுக் கடை முறை வைத்துத் திறக்கலாம். எந்த நாள் என்பது உங்கள் விருப்பம்; களுவாஞ்சிகுடிக்குச் சரிவருவது கல்முனைக்குச் சரிவராமல் இருக்கலாம்.

ஆனால் அரை நாள் பூட்டினாலும் சிலருக்குத் தூக்கம் வராது, காரணம் செக். கொழும்பிலிருந்து சாமான் இறக்கும்போது முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் தள்ளித் திகதி போட்டுச் செக் கொடுக்கிறோம். இங்கே கடைக்காரர் கடன் கொடுப்பது பெரும்பாலும் வயல் செய்கிறவர்களுக்கு. அவர்கள் காசு தருவது பெரும்போகம் அறுவடையாகி நெல் விற்ற பிறகு, மாசி பங்குனியில். கார்த்திகை மார்கழி மழையில் தெருவில் சனமே இருக்காது, செக் மட்டும் திகதி தவறாமல் வங்கிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போவதைக் கொப்பியில் ஒற்றை வரியாக எழுதும்போது எனக்குக் கை நடுங்கும். இதைத் தனி ஒரு கடைக்காரர் கொழும்பு மொத்த வியாபாரியிடம் பேசினால், பிடிக்காவிட்டால் சாமான் எடுக்காதே என்பார். சங்கமாகப் போய், மாரியில் எடுக்கிற சாமானுக்கு அறுவடைக் காலத்துத் திகதி தாருங்கள் என்று கேட்டால் பேச்சு வேறாக இருக்கும். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கூட்டத்தார் உங்கள் உறுப்பினர் பட்டியலில் பெரும்பாலும் இல்லை: வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்கள். தையல் செய்கிற ஒரு பிள்ளைக்குப் பிளவுசின் விலையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். துணி, நூல், கொக்கி, கரண்ட் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார். உங்கட கூலி எங்கே என்று கேட்டேன். "அது நான்தானே அக்கா" என்றார். அவருடைய கூலி விலையில் இல்லாததால் ஒரு பிளவுசில் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கூட்ட இன்னும் ஓடர் எடுக்கிறார். பிள்ளைகள் படுத்தபின் நடுச்சாமம் வரை மெசின் ஓடுகிறது. கிழமைக் கடன் கட்டுகிற நாள் வேறு. இவருக்குக் கடையடைப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஊருக்கு ஊர் ஒரு குறைந்தபட்சத் தையல் கூலியை எல்லாருமாகப் பேசி வைத்தால் பிரயோசனம் உண்டு. இரவு ஏழு மணிக்குப் பிறகு வரும் ஓடருக்குக் காலையில்தான் பதில் என்று எல்லாருமே போனில் போட்டுவிட்டால் யாருக்கும் நட்டம் வராது. இவர்களைச் சங்கத்துக்குள் எடுங்கள். சந்தாவைக் குறையுங்கள், கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.

உறுப்பினர் யாராவது நாட்கணக்கில் தூக்கமில்லை, வாழ்க்கையே வெறுத்துப்போச்சு என்று சொன்னால், கடைப் பிரச்சினை என்று விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அந்த இலக்கத்தைச் சங்கத்தின் கலண்டரில் அச்சிட்டால் ஒவ்வொரு கடைச் சுவரிலும் அது தொங்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த அரை நாள் விடயத்தை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். பெருநாள், சித்திரை வியாபாரம் முடிந்த பிறகு மூன்று மாதம் மட்டும் செய்து பார்க்கலாம். சம்மதிக்கிற சங்கத்தில் விரும்புகிற கடைகளின் விற்பனையை, போன வருடத்து அதே மூன்று மாதத்தோடு ஒப்பிட்டு நான் கணக்கு எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். விற்பனை விழுந்திருந்தால் அதையும் உள்ளபடி எழுதித் தருவேன். அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்வதா விடுவதா என்று நீங்கள் தீர்மானியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொப்பிகளைப் பார்க்கிற ஒருத்தி,
மட்டக்களப்பு.