அந்த இரண்டு பெட்டிகளுக்கு இடம் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையத்தைப் பேணிவரும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்த என் ஆசிரியரின் வீட்டை விற்பதற்காக ஒழித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பத்து அட்டைப் பெட்டிகளில் எட்டு குப்பையோடு போய்விட்டிருந்தன. மிஞ்சிய இரண்டை அவருடைய மகள் என்னிடம் கொடுத்து, "நீயாவது படிப்பாய், தம்பி. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது" என்றார். அவற்றை ஒரு நூலகத்துக்குத் தூக்கிச் சென்றேன். அச்சிட்ட புத்தகமென்றால் வாங்கிக்கொள்வோம், கையெழுத்துத் தாள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் ஆசிரியர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு 1961இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் திறந்த கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவர். பிறகு வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவர். அவர் விட்டுச்சென்றவை பாடக்குறிப்புகள், வினாத்தாள் வரைவுகள், மாணவர் கடிதங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாடக்குறிப்புகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 1974இல் ஒரு பாட்டை விளக்க அவருக்கு அரைப் பக்கம் போதுமாயிருந்தது; அதுவும் முழுக்கத் தமிழில். 1983இல் ஓரத்தில் ஆங்கிலச் சொற்கள் தலைகாட்டுகின்றன. 1990இல் அதே பாட்டுக்குச் சொற்பொருள் மட்டுமே மூன்று பக்கம். 'தாழ்வாரம்', 'அம்மி' போன்ற வீட்டுச் சொற்களுக்கே பொருள் எழுதியிருக்கிறார். டர்பன் வீடுகளிலிருந்து தமிழ் எப்படிப் படிப்படியாக விலகியது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை. ஒரே ஆசிரியர், ஒரே பாட்டு, மாறிக்கொண்டே வந்த பிள்ளைகள்! போன எட்டுப் பெட்டிகளில் என்ன இருந்ததோ என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

1860க்கும் 1911க்கும் இடையில் நடாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் விவரம் கப்பல் பதிவேடுகளில் இருக்கிறது: எண், பெயர், ஊர், சாதி. அவை நம்மைக் கூலிக்கு எடுத்தவர்கள் எழுதிவைத்தவை. ஆசிரியர்களின் காகிதங்களோ நம்மவர் தம் கையால் எழுதியவை. முன்னதைக் காத்துவிட்டுப் பின்னதைக் குப்பைக்கு விடுவது நியாயமா?

எழுதிப் புகழ்பெற்றவர்கள், போராடிச் சிறை சென்றவர்கள் ஆகியோரின் தாள்களை எந்தக் காப்பகமும் தேடிப்போய் வாங்கும். வகுப்பறையோடு வாழ்ந்து முடித்தவர்களையும் தேடிப் போங்கள் என்பதே என் வேண்டுகோள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே போங்கள். எந்தக் கட்டு எந்த வகுப்புக்கு, ஓரத்தில் கிறுக்கிய பெயர் யாருடையது என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். கட்டுகளை அவர்கள் வைத்திருந்த வரிசை குலையாமல் எடுத்துவாருங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது அந்த வேலையில் அமர்த்துங்கள். படிக்கத் தெரியாதவர் கையில் முதலில் கழிக்கப்படுவது தமிழ்த் தாளாகத்தான் இருக்கும்.

மாணவர்களின் மதிப்பெண்ணும் சொந்தக் கதையும் வெளியே வந்துவிடுமே என்ற தயக்கம் குடும்பங்களுக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஒரு மாணவி தன் வீட்டுத் துயரத்தை எழுதிய கடிதத்தை இரண்டு வரிகளுக்குமேல் படிக்க மனமில்லாமல் மடித்துவைத்தேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட தாள்களைத் தனி உறையிலிட்டு, குறித்த ஆண்டுவரை யாருக்கும் காட்டுவதில்லை என்று குடும்பத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அந்த உறுதி கிடைத்தால் பல வீடுகளின் கதவு திறக்கும்.

பெட்டிகள் இரண்டும் இப்போது என் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. டர்பனின் கடற்காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. போன கோடையில் ஒரு தாள்கட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, இன்னொன்றில் இராமபாணப் பூச்சி. நாட்டுக் கற்பூரத்தையும் வேப்பிலையையும் வைத்துக் காவல் காக்கிறேன். எந்த நாளில் கொண்டுவரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மெரிபேங்கிலிருந்து ஒரு பழைய மாணவன்