ஆடித் தள்ளுபடிக்குத் தாக்குப்பிடிக்கும் மை எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், 24 மணி நேரம் கலையாத கண்மை பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. இமையில் முதலில் ஒரு பூச்சு, அதன்மேல் மை, கடைசியாக முகத்தில் அடித்துக்கொள்ள ஒரு தெளிப்பான் என்று மூன்று பொருள்களைப் பரிந்துரைத்திருந்தீர்கள். விலைகளைக் கூட்டிப் பார்த்தேன். மூவாயிரத்தைத் தாண்டுகிறது. படத்தில் இருந்த பெண் குளிரூட்டிய அறையில் சோபாவில் சாய்ந்திருந்தார். அந்த அறையில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினாலும் நிற்கும்.

நான் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்று எழுதாமல் ‘நிற்கிறேன்’ என்று எழுதியது தெரிந்துதான். முத்தையாபுரத்தில் காலை 8.40 பஸ்ஸைப் பிடித்தால், திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரவு 10 மணி ஆகிவிடும். பஸ் ஜன்னலில் உப்பளத்துக் காற்று அடிக்கும். முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை பிசுபிசுக்கும். கடைக்குள் ஏ.சி. உண்டு, சரக்கு அறையில் கிடையாது. ஒருவருக்கு நாற்பது சேலை விரித்துக் காட்டினால், அதில் பாதியைப் படியேறி அந்த அறையிலிருந்துதான் எடுத்து வர வேண்டும். பெண் ஊழியர்கள் பூ, பொட்டு, கண்மையோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் கடையின் ஒழுங்கு. எந்த மை என்று அவர்கள் சொல்லவில்லை.

போன ஆடியில்தான் எனக்கு இந்த மை ஒரு பிரச்சினை ஆயிற்று. எங்கள் ஊர் ஆடியை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே பனிமய மாதா கோவில் திருவிழாவும் வந்துவிடும். ஜூலை 26இல் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே தெருவில்தான். அப்படி ஒரு சாயங்காலம், கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. மேல் அடுக்கிலிருந்து சேலைக் கட்டு ஒன்றை இழுத்தபோது நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. கட்டைவிரலால் துடைத்துக்கொண்டேன். அதே விரலால் சந்தன நிறப் பட்டு ஒன்றைப் பிரித்து விரித்தேன். முந்தியில், சரிகைக்கு ஒட்டினாற்போல், விரல் அகலத்துக்குக் கறுப்பு.

“ஏம்மா, திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் சேலை கொடுப்பீர்களா?” என்றார் அந்த அம்மாள். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. கறைமேல் முகப் பவுடரைத் தூவி எண்ணெயை இழுக்கவிட்டு, பிறகு சலவைக்கு அனுப்பினோம். கறை பெரும்பாலும் போய்விட்டது. என் சம்பளத்தில் 400 ரூபாயும் போய்விட்டது.

ஆகவே நான் நல்ல மை தேடியது அழகுக்காக அல்ல. அழகும் கொஞ்சம் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முதல் காரணம் அந்த 400 ரூபாய்.

எங்கள் ஆச்சி வீட்டிலேயே மை செய்வாள். பொன்னாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்துவாள். மறுபடி நனைப்பாள், மறுபடி உலர்த்துவாள். அந்தத் துணியைத் திரித்துத் திரியாக்கி விளக்கெண்ணெய் அகலில் ஏற்றி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்ப்பாள். காலையில் தாம்பாளத்தின் அடியில் படிந்திருக்கும் புகைக்கரியைச் சுரண்டி, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்துச் சிமிழில் அடைப்பாள். அம்மா உப்பள வேலைக்குப் போனவள். தையில் தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை வெள்ளை உப்பின்மேல் வெயில் பட்டுத் தெறிக்கும். அந்த மையை இட்டுக்கொண்டால் கூச்சம் கொஞ்சம் குறைகிறது என்பாள். மத்தியானம் கஞ்சி குடிக்க உட்காரும்போது மை கன்னத்துக்கு வந்திருக்கும். உப்பளத்தில் அதைக் குறை சொல்ல யாருமில்லை.

அது ஏன் வழிகிறது என்பதை இத்தனை வருடம் கழித்து என் மகள்தான் விளக்கினாள். மருந்தியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விளக்கெண்ணெய் காய்வதே இல்லை. காலையில் இட்ட மை ராத்திரிவரை ஈரமாகவே இருக்கிறது. இமையோ நிமிடத்துக்குச் சராசரியாக 15 தடவை மூடித் திறக்கிறது. 12 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 10,800 தடவை. ஒவ்வொரு தடவையும் ஈர மையின்மேல் ஒரு முத்திரை குத்துவதுபோல.

நாள் முழுவதும் நிற்கும் மையில் நடப்பது வேறு. ஐசோடோடெக்கேன் போன்ற, சட்டென்று ஆவியாகும் ஒரு திரவத்தில் மெழுகும் பிசினும் கறுப்புச் சாயமும் கலந்திருக்கும். இமையில் கோடு இழுத்த ஒரு நிமிடத்துக்குள் திரவம் பறந்துவிடும். பிசின் மெல்லிய ஏடாகக் கண்ணிமையைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் சரக்குக் கட்டில் எழுதும் மார்க்கர் பேனாவைப் போலத்தான். இந்தப் பென்சிலின் மூடியை ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூட வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். பையில் மூடி கழன்று கிடந்தால் உள்ளேயே காய்ந்துபோகும். நான் ஒன்றை அப்படித்தான் வீணாக்கினேன்.

இவ்வளவும் தெரிந்தபின் ஃபேன்ஸி ஸ்டோரில் நான்கு வகை வாங்கினேன்: டப்பா மை ஒன்று, தூரிகை வைத்த திரவ மை ஒன்று, திருகுப் பென்சில் இரண்டு. ஒரு திங்கட்கிழமை காலை, இடக்கை வளையலுக்கு மேலே நான்கு கோடு இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மருதாணியா என்று கேட்டவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டப்பா மை, பஸ் பழைய பேருந்து நிலையத்தை எட்டுவதற்குள் கைப்பிடிக் கம்பிக்குப் போய்விட்டது. திரவ மை மத்தியானம்வரை கறுகறுவென்று நின்று, பிறகு செதில் செதிலாக உதிர்ந்தது. பென்சில் இரண்டும் ராத்திரிவரை அசையவில்லை.

மறுநாள் அதில் ஒன்றைக் கண்ணில் இட்டேன். இரண்டு மணிக்குள் மேலிமை மடிப்பில் அப்படியே இன்னொரு கோடு அச்சாகிவிட்டது. “அக்கா, அழுதீர்களா?” என்று ரவிக்கைத் துணிப் பிரிவுப் பெண் கேட்டாள். கையில் நின்றது கண்ணில் ஏன் நிற்கவில்லை? முன்னங்கைத் தோல் வறண்டது. இமை எண்ணெய் சுரக்கும் இடம். தண்ணீரைத் தாங்கும் மை எண்ணெயையும் தாங்கும் என்று பொருளில்லை. பெட்டியில் ‘வாட்டர்புரூஃப்’ என்று போட்டிருப்பது மழைக்குத்தான் பதில், நம் முகத்துக்கு அல்ல. மகள் சொன்னபடி, புறங்கையில் இரண்டு பென்சிலாலும் கோடு இழுத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து விரலால் இழுத்தேன். ஒன்று முதல் இழுப்பிலேயே ஈஷியது. மற்றது ஆறேழு இழுப்புத் தாங்கியது. அந்த இரண்டாவதைத்தான் எட்டு மாதமாக வாங்குகிறேன். விலை 225 ரூபாய், எடை 0.35 கிராம். கிராம் கணக்கில் பார்த்தால் வெள்ளியைவிட விலை அதிகம், ஆனாலும் ஒரு பென்சில் இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. பெயர் எழுதமாட்டேன். என் இமைக்கு ஒத்துக்கொண்டது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளும் என்பது நிச்சயமில்லை. எண்ணெய்ச் சோதனையை யார் வேண்டுமானாலும் புறங்கையில் செய்து பார்க்கலாம். கடையில் சோதனைக்கென்று திறந்து வைத்திருக்கும் பென்சிலைக் கையில் மட்டும் இழுத்துப் பாருங்கள். எத்தனை கண்களைத் தொட்டு வந்ததோ, அது கண்ணுக்குப் போகக் கூடாது.

இடும் முறையிலும் விஷயம் இருக்கிறது. முகம் கழுவியபின் கண்ணைச் சுற்றி எண்ணெயோ கிரீமோ தொடுவதில்லை. இமையை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, பவுடரைப் பஞ்சில் தொட்டு நன்றாக உதறிவிட்டு ஒருமுறை ஒற்றுகிறேன். மேலிமையில், முடி முளைக்கும் இடத்தை ஒட்டி, மெல்லிய கோடு. பிறகு கீழே பார்த்தபடி அறுபது எண்ணுகிறேன். இந்த அறுபதுதான் முக்கியம். முப்பதிலேயே நிமிர்ந்து பார்த்தால் அன்று முழுவதும் மடிப்பில் கறுப்புதான். கீழ் இமையில் வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம். இப்படி இட்டால் மார்கழியில் ராத்திரி பத்துவரை நிற்கிறது. சித்திரையில் ஏழு மணிக்குச் சற்று மங்குகிறது; வழிவதில்லை. 24 மணி நேரம் எனக்கு வேண்டவும் வேண்டாம்.

கீழ் இமையின் உள் விளிம்பில், அந்த ஈரமான இடத்தில், மை இழுப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு ஒரு கண்கட்டி காரணம். முதல் மாதத்தில் மை நிற்கிறது என்ற சந்தோஷத்தில் உள்ளேயும் இழுத்து, ராத்திரி களைப்பில் கழுவாமலே தூங்கியும் விட்டேன். இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கண் மருத்துவர் ஒரு படம் வரைந்து காட்டினார். இமை விளிம்பில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. கண்ணீர் உலர்ந்துபோகாமல் மேலே ஏடுபோல் மூடிக் காப்பது அந்த எண்ணெய்தான். அதன் வாசலில் பிசினைப் பூசினால் அடைத்துக்கொள்ளாதா என்று கேட்டார். காலையில் இடும்போது எவ்வளவு பொறுமையோ, ராத்திரி எடுக்கும்போதும் அவ்வளவு பொறுமை வேண்டும் என்றார். சோப்பும் தண்ணீரும் இந்த மையை அசைக்காது. நான் அப்படித் தேய்த்துத் தேய்த்து இமைமுடி உதிர்ந்ததுதான் மிச்சம். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடிய இமையின்மேல் அரை நிமிடம் வைத்தால் தானாக இளகி வருகிறது. பிறகு முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். உங்கள் கட்டுரையில் மையை எடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய்ச் சோதனைக்கு முன்பே, பெட்டியைப் படித்தே நல்லதைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்று மகளிடம் கேட்டேன். பொருள் பட்டியலில் முதலில் இருப்பது அதிகம் சேர்த்த பொருள் என்பது ஒழுங்கு. முதலில் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இருந்தால் அது வழியும்; ஐசோடோடெக்கேன் இருந்தால் நிற்க வாய்ப்பு உண்டு. அவள் சிரித்துவிட்டுத் தன் பாடப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். நம் நாட்டு அழகுசாதன விதிகளில் பொருள் பட்டியல் கட்டாயம்தான். ஆனால் 30 கிராமுக்குக் குறைந்த திடப்பொருள் பொட்டலத்துக்கும் 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் விலக்கு. பென்சில் 0.35 கிராம். முப்பது கிராமில் கண்மை விற்பவர் உலகத்தில் யார்? கண்ணுக்குள் போகும் ஒரு பொருள், சிறியதாக இருப்பதாலேயே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

சில நிறுவனங்கள் தாமாகவே அச்சிடுகின்றன, நன்றி. அதுவும் வெளி அட்டையில்தான், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில். எங்கள் ஃபேன்ஸி ஸ்டோரில் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பென்சில்களைக் கண்ணாடித் தம்ளரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஈயமும் ஆர்செனிக்கும் கலந்த சாயங்களுக்கு நம் சட்டத்தில் தடை இருக்கிறது. சுர்மா என்று கண்ணுக்கு இடும் பளபளப்பான பொடிகளில் சில ஈயக் கல்லை அரைத்துச் செய்தவை என்பதால், அமெரிக்காவில் அப்படிப்பட்ட சுர்மாவையும் காஜலையும் இறக்குமதி செய்யவே விடுவதில்லை. இங்கே திருவிழாக் கடையில் பெயரில்லாத சிமிழில் 20 ரூபாய்க்கு விற்கிறார்கள். கைக்குழந்தைக்கு என்று கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

உங்கள் நிருபர் ஒருவரை அந்த 30 கிராம் விலக்கைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் அடுத்த மையை, ஆடித் தள்ளுபடி நாள் ஒன்றில், நின்று வேலை பார்க்கும் பெண் யாருக்காவது கொடுத்துச் சோதித்துவிட்டுப் போடுங்கள். படத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு எடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கடையில் வாங்குவது உங்கள் நாளிதழைத்தான்; மேற்பார்வையாளர் ஞாயிறு இணைப்புவரை விடாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தையாபுரம், தூத்துக்குடி.