பள்ளக்கட்டு ஆறு மா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உளுந்து அடித்துத் தூற்றியாகிவிட்டது. மழை இல்லை. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

"நாமே விவசாயம் பண்ணினா என்னப்பா" என்று கேட்டாய். வேலைநாளில், பகல் பதினோரு மணிக்கு. அலுவலகத்தில் இப்போது வேலை குறைவு போலிருக்கிறது என்றாள் அம்மா. இருக்கலாம், நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்டதற்குப் பதில் போனில் முடிகிற காரியமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பணம். நம் பள்ளக்கட்டு (தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயல்) ஆறு மா என்பது உன் கணக்கில் இரண்டு ஏக்கர். அதில் காசு ஆண்டுக்கு இரண்டு முறைதான் கண்ணில் படும்: தையில் நெல், பங்குனியில் உளுந்து. மற்ற மாதமெல்லாம் உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம், டீசல் என்று போய்க்கொண்டே இருக்கும். ஓராண்டுச் சாப்பாட்டுக்குக் கையில் வைத்துக்கொள்ளாமல் மண்ணில் இறங்கினால், ஐப்பசியில் கடன் வாங்கி யூரியா போடுவாய். அந்தக் கடனுக்காக ஈரம் காயாத நெல்லை வந்த விலைக்குத் தள்ளுவாய். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்கிறார்கள். காயவைக்கும் வரை பொறுக்க முடிகிறவனுக்குத்தான் அந்த விலை.

இனி மண். நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். பஞ்சகவ்யம் தெளித்தால் போதும் என்கிறார் ஒருவர். தெளிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் ஒரு டன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணிலிருந்து போகிறது. அது எங்கிருந்தோ திரும்பி வந்தாக வேண்டும். இலைமேல் தெளிக்கிற குடுவையிலிருந்து அவ்வளவு வராது. முதலாண்டே யூரியாவை அடியோடு நிறுத்தினால் மகசூல் விழும், விழுந்ததும் பயந்து இரட்டிப்பாய்ப் போடுவாய். மண்ணில் மட்கு ஏற ஏற ஆண்டுக்குக் கால்பங்கு குறைப்பதுதான் நிற்கும். நீ கணக்கில் கெட்டிக்காரன், உனக்கு இது விளங்காமல் போகாது.

எதை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு மண் பரிசோதனை வேண்டும். சீட்டு வராமல் ஒரு மூட்டை உரமும் வாங்காதே. மண் எடுக்கிறதிலேயே பாதிப்பேர் தப்புப் பண்ணுகிறார்கள். வரப்போரம், வாய்க்கால் வாய், எருக்குவியல் கிடந்த இடம், மர நிழல் இவற்றை விட்டுவிடு. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் 'வி' மாதிரி 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச்சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு துண்டு சீவு. பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, நாலாய்ப் பிரித்து எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிட்டு மறுபடி கல. அரைக் கிலோ மிஞ்சும்வரை அப்படியே. உரச்சாக்கில் மட்டும் கட்டாதே, சீட்டில் வருவது மண்ணின் கணக்காய் இராது, சாக்கின் கணக்காய் இருக்கும். மேட்டு இரண்டு மாவும் பள்ளத்து நான்கு மாவும் வேறு வேறு பை. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கலாம்.

சீட்டில் எல்லாரும் தழை, மணி, சாம்பலைப் பார்ப்பார்கள். நீ முதலில் அங்ககக் கரிமத்தை, அதாவது மட்கின் அளவைப் பார். அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் மண் இளைத்திருக்கிறது, முக்காலுக்கு மேல் என்றால் தேவலை. பிறகு கார அமில நிலை. 8.5-க்கு மேல் போய், உப்பின் அளவு குறைவாகவே இருந்தால் அது களர், சோடியம் ஏறிய மண். எத்தனை மூட்டை ஜிப்சம் என்று அவர்களே கணக்குப் போட்டுத் தருவார்கள். ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிக்காவிட்டால் போட்டதும் வீண்.

கரிமம் ஏற வழி மூன்று: கிடை (ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைப்பது), தழை (பசுந்தாள் உரம்), வைக்கோல்.

கிடைக்கு ராமநாதபுரத்துக் கீதாரிகள், ஆடு மேய்க்கிறவர்கள், சித்திரையில் வந்துவிடுவார்கள். பட்டியை இரவுக்கிரவு இடம் மாற்றி அடைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை கொழுத்து மற்றது பட்டினி கிடக்கும். கிடை எழுந்ததும் உழுது மண்ணுக்குள் தள்ளிவிடு. வெயிலில் கிடந்தால் மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். இன்னொன்று: ஆடு சீமைக்கருவை நெற்றைத் தின்றுவிட்டு வரும், விதை சாணத்தோடு விழும். சேற்றில் அது பிழைக்காது, வரப்பில் முளைக்கும். கன்றாக இருக்கும்போதே பிடுங்கு.

தழைக்கு நம் களிமண்ணில் தக்கைப்பூண்டுதான். தண்ணீர் நின்றாலும் களராய் இருந்தாலும் தாங்கும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு (ஆறு மூன்றாகப் பிரியும் இடம்) தாண்டிப் பாமணியாற்றில் வந்து நம் கன்னி வாய்க்காலில் ஏற ஆனி ஆகிவிடும். ஏக்கருக்கு 20 கிலோ விதை, ஆக 40 கிலோ. ஆனி கடைசியில் தெளித்தால் ஆவணி நடுவில் 45 நாள், பூ எடுக்கும் சமயம். அதுதான் மடக்கி உழுகிற நாள். ஆள் கிடைக்கவில்லை, டிராக்டர் வரவில்லை என்று 60 நாள் விட்டால் தண்டு நாராகிவிடும். நார் மட்குவதற்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே பிடித்துக்கொள்ளும். நட்ட பயிர் வெளுக்கும். சத்தில்லை என்று யூரியாவைக் கொட்டுவார்கள். பசுந்தாள் போட்டும் பிரயோசனமில்லை என்று சொல்கிறவர்களில் பலபேர் கதை இதுதான். சரியான நாளில் மடக்கினால் ஏக்கருக்கு 8 டன் பச்சைத்தழை, அதில் 30 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் ஒன்றரை என்று வைத்துக்கொள். மடக்கியபின் தண்ணீர் கட்டிப் பத்து நாள் ஊறவிடு. அவசரப்பட்டு மறுநாளே நட்டால் அழுகும் சூட்டில் வேர் கருகும்.

வைக்கோல் விஷயத்தில்தான் உன் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவராது. அறுப்பு மிஷின் போன சூட்டோடு கட்டு மிஷின்காரன் வருகிறான், கையில் காசு தருகிறான். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் வெளியே போனால் ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷ் அதோடு போகிறது. பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, தாளில்தான் இருக்கிறது. மாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைப் பரப்பிவிடு. அந்த ஈரக்காப்பில்தான் உளுந்து பிழைக்கும்.

உளுந்தை, அறுப்பு மிஷின் வருமுன் ஒரு வாரம் பத்து நாளில், நிற்கிற நெற்பயிருக்குள் தெளிக்க வேண்டும். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், வெடிப்பு விட்டால் முளைக்காது. மிஷின் அறுப்பென்றால் ஏக்கருக்கு 12 கிலோ போடு, பட்டை ஏறி நசுங்குவதற்கும் சேர்த்து. பூக்கும்போது ஒன்று, பதினைந்து நாள் கழித்து ஒன்று, 2 சதவீத டிஏபி உரக் கரைசல்: 4 கிலோவை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டி 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்தபின் அடி.

நீ சாப்பிடுகிற நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள்.

வடிகாலை மறந்துவிட்டேனே. பள்ளக்கட்டில் எல்லாமே வடிகால்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வடிமடை தூர்ந்திருந்தால் நீ போட்ட தழை, கிடை எல்லாம் அடுத்த பங்குக்குப் போய்ச் சேரும். புரட்டாசிக்குள் வெட்டிவிட வேண்டும். பக்கத்துப் பங்குக்காரர்களோடு சேர்ந்து வெட்டினால்தான் தண்ணீர் நகரும், தனியாக வெட்டினால் நம் முனையில் குளமாய் நிற்கும். நெல் ரகம் சிஆர் 1009 சப் 1. முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்கும். 155 நாள் வயது. ஆவணி முதலில் நாற்றங்காலில் விதைத்தால் தை பிறந்து அறுக்கலாம். பாரம்பரிய ரகம் வேண்டுமென்றால் ஒரு மாவில் போட்டுப் பார், வாங்குகிற ஆளை முதலில் பார்த்துவிட்டு.

ஒற்றை நாற்று நடவை மேட்டு இரண்டு மாவில் செய். பதினாலு நாள் நாற்று, 22.5 செ.மீ. இடைவெளி, பத்து நாளுக்கொரு முறை கோனோவீடர் (கையால் தள்ளும் களைக்கருவி). பள்ளத்தில் வேண்டாம், அவ்வளவு சின்ன நாற்று ஒரு மழைக்கு மிதந்துவிடும். தண்ணீர்க் குழாயும் மேட்டில்தான்: 40 செ.மீ. பிவிசி குழாய், கீழ் 25 செ.மீ.க்குத் துளை போட்டுப் புதைத்து உள்மண்ணை அள்ளிவிட்டால் நிலத்தடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். 15 செ.மீ. கீழே இறங்கியபின் 5 செ.மீ. கட்டு. நட்டுப் பதினைந்து நாளுக்குப் பிறகு தொடங்கு. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதே. அடைமழையில் குழாய் அழகுக்குத்தான் நிற்கும், அது வேறு.

துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலில் கலந்து நடவின்போது. டிஏபியோடு கலக்காதே, இரண்டும் கட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகும். நட்ட மூன்றாம் வாரம் அடி இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வந்தால் இதுதான் குறை, பூச்சி என்று கடைக்கு ஓடாதே.

யூரியாவை இலைவண்ண அட்டை (எண் போட்ட பச்சை நிறப் பட்டைகள் உள்ள அட்டை) பார்த்துப் போடு. காலை 8 முதல் 10-க்குள், உன் நிழலில் இலையை வைத்து, பத்துக் குத்தில் பார். பத்தில் ஆறு குத்தாவது அட்டையின் 4-ஆம் நிறத்துக்குக் கீழே வெளுத்திருந்தால்தான் போட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3. பக்கத்து வயல் கறுப்பாய் இருக்கிறதே என்று பார்த்துப் போடாதே. அந்தக் கறுப்புக்குத்தான் புகையான், தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி, வரும். எட்டடிக்கு ஒரு பட்டம் (நடாத சந்து) விட்டு நட்டால் காற்றும் வெயிலும் தூருக்குள் போகும். பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் சிலந்தி முதலாய் நல்லதெல்லாம் செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும். எலிக்குப் பெரிய வரப்பு வைக்காதே; எலி பிடிக்கிற மூங்கில் பொறி, தஞ்சாவூர்க் கிட்டி, இன்னும் செய்கிறார்கள்.

இதெல்லாம் மூன்று ஆண்டு விடாமல் செய்தால்தான் சீட்டில் கரிமம் அசையும். ஓராண்டு பார்த்துவிட்டு மறுபடி பெங்களூர் போகிற யோசனை என்றால் வேண்டாம். குத்தகைக்கு விடலாமே என்பாய். குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955 சட்டத்துக்குப் பயந்து யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, எல்லாம் வாய்ச்சொல், வருஷா வருஷம் ஆள் மாற்றம். அடுத்த வருஷம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எதற்குத் தக்கைப்பூண்டு தெளிப்பான்? அவனைக் குறை சொல்ல முடியாது. விடுவதானால் மூன்று ஆண்டு, வைக்கோல் நிலத்துக்கே என்று எழுதித்தான் விட வேண்டும். அதற்கு நீ வந்து உட்கார வேண்டும். வரப்பில் கால் வைத்தே வருஷக்கணக்காயிற்று உனக்கு.

திரும்பவும் சொல்கிறேன், ஓராண்டுச் செலவுக்குக் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். இல்லையென்றாலும் சொல், அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

கிடை சித்திரை பத்துக்கு மேல் அடைகிறது. அதற்குமுன் மண் எடுத்தாக வேண்டும், எரு விழுந்த மண்ணைச் சோதிப்பதில் பயனில்லை. நீ வருவதானால் அந்த வாரத்துக்குள் வா. முடியாவிட்டால் நானே இரண்டு பையையும் எடுத்து நீடாமங்கலத்தில் கொடுத்துவிடுகிறேன். பையில் விவசாயி பெயர் எழுத வேண்டும். உன் பெயர் போடவா, என் பெயரே இருக்கட்டுமா என்று சொல்.

அப்பா