இரண்டாவது சிகரட்டை யார் தடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்று சட்டம் போட்டால் மட்டும் பையன்கள் சிகரட்டை விட்டுவிடுவார்களா என்று கேட்பவர்கள் நம் மலையகத்தில் நிறையப் பேர். தோட்டத் தலைவர்மார் கேட்கிறார்கள், பெற்றோர் கூட்டத்தில் கேட்கிறார்கள், டீக்கடையில் பேச்சு வந்தாலும் அதே கேள்விதான். ஹட்டனில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பல வருடங்களாக மாலை வகுப்பு நடத்தி வருகிற நான் இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். சட்டம் வேலை செய்யும். நாம் நினைக்கிற இடத்தில் இல்லை, வேறொரு இடத்தில் வேலை செய்யும், அந்த இடம் எது என்று தெரியாததால்தான் நாம் அதைப் பாதியில் விட்டுவிட்டோம்.

முதலில் பஸ்ஸையே பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒரு காலத்தில் நுவரெலியா பஸ்ஸில் சாரதி ஒரு கையில் சிகரட்டோடு வளைவு திருப்புவார், பின் ஆசனத்தில் நாலு பேர் பீடி பற்றவைத்திருப்பார்கள், குளிருக்கு ஜன்னலையும் மூடியிருப்பார்கள், நடுவில் கைக்குழந்தையோடு தாய் உட்கார்ந்திருப்பாள். இன்று 20 வயதுப் பையன் ஒருவன், அவன் எவ்வளவு முரடனாக இருந்தாலும் சரி, பஸ்ஸுக்குள் பற்றவைப்பதை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டான். பொலிஸுக்குப் பயந்து அல்ல, அது அவனுக்குப் பழக்கமே இல்லாத காரியம். சட்டம் ஒன்று சரியாக இறங்கினால் ஒரு தலைமுறையில் இப்படித்தான் ஆகும்.

நம் நாட்டுச் சட்டம் மோசமானது அல்ல. 2003இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இலங்கை ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்றது, விளம்பரத்தை நிறுத்தியது. விமான நிலையங்களுக்கும், 30 அறைகளாவது உள்ள ஹோட்டல்களுக்கும், 30 பேராவது உட்காரக்கூடிய உணவகங்களுக்கும் மட்டும் தனி இடம் ஒதுக்க விட்டுக்கொடுத்தது. சரி. ஆனால் அந்தத் தடை சுவரோடு நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகளின் வாழ்க்கையோ சுவருக்கு வெளியேதான் நடக்கிறது. 10க்கு 12 அடி காம்பராவில், அதாவது ஒற்றை லய அறையில், ஆறு பேர் இருக்கிற வீட்டில் 17 வயதுப் பையன் எங்கே போய் நிற்பான்? டீக்கடை வாசலில், பாலத்துக் கட்டையில், மைதானத்து ஓரத்தில், கொழுந்து மடுவத்துக்குப் பின்னால், கோயில் திருவிழா நடக்கும்போது சப்பரத்துக்கு நாலு அடி தள்ளி. அந்த இடங்களிலெல்லாம் பெரியவர்கள் தாராளமாகப் புகைக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 12 முதல் 17 வயது வரையான 3,800க்கும் மேற்பட்ட பிள்ளைகளை நான்கு வருடங்கள் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2008இல் வெளியானது. சில ஊர்களில் உணவகங்களில் புகைக்க முழுத் தடை, சில ஊர்களில் பேருக்கு ஒரு கட்டுப்பாடு. கடுமையான தடை இருந்த ஊர்ப் பிள்ளைகள் நிரந்தரப் புகைப்பாளர்களாக மாறும் வாய்ப்பு ஏறக்குறைய 40 வீதம் குறைவாக இருந்தது. இதைவிட முக்கியமான செய்தி உள்ளே இருக்கிறது. முதல் சிகரட்டைத் தொட்டுப் பார்ப்பதை அந்தத் தடை குறைக்கவில்லை. தொட்டுப் பார்த்தவன் அதைத் தொடர்வதைத்தான் அது குறைத்தது. முதல் சிகரட் எப்படியும் ஒளிந்து நடக்கிற காரியம், கூட்டாளி கொடுப்பான், பற்றைக்குள் போய் இருமிக்கொண்டே இழுப்பான், எந்தச் சட்டமும் அங்கே போய்ப் பிடிக்க முடியாது. இரண்டாவதும் பத்தாவதும் அப்படி இல்லை. அவற்றுக்கு நின்று புகைக்க ஓர் இடம் வேண்டும், சாவகாசமாக ஒரு நேரம் வேண்டும், பக்கத்தில் ஒரு பெரிய ஆள் அதையே செய்துகொண்டிருந்து, இது சாதாரண விஷயம்தான் என்று காட்ட வேண்டும். அந்த இடத்தை எடுத்துவிட்டால் பல பிள்ளைகள் சும்மா விட்டுவிடுகிறார்கள், யாரும் புத்தி சொல்லாமலே.

என் வகுப்புப் பையன்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து அண்ணன்மார் வந்து இறங்குவார்கள், கடை வேலை, புதுச் சப்பாத்து, கையில் போன், வாயில் சிகரட். இவர்களை நான் குறை சொல்லவில்லை, காலை முதல் இரவு வரை நின்று வேலை செய்துவிட்டு ஊருக்கு வருகிற பிள்ளைகள் அவர்கள். ஆனால் பணிய லயத்துச் சின்னப் பையன்கள் அந்த ஒரு வாரம் முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறீர்களா? அந்த அண்ணன்மார் பற்றவைப்பது ரோட்டில், எல்லார் கண்ணுக்கும் முன்னால். சுற்றுலாப் பயணிகள் வரும் எல்லவில் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இதேதான் சொல்கிறார்கள், கபேக்களின் திறந்த முன்பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ஊதுவதைப் பார்த்துப் பார்த்தே கை போகிறதாம்.

அப்புறம் ஒற்றைச் சிகரட். 2015 முதல் பெட்டியில் 80 வீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அழுகிய வாயும் கறுத்த நுரையீரலுமாக. நல்ல சட்டம். ஆனால் மாணவன் பெட்டி வாங்குகிறானா? ஒன்று 100 ரூபாவைத் தாண்டிவிட்ட பிறகு முழுப் பெட்டிக்குக் காசு எங்கே? கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றை உருவிக் கொடுக்கிறார், கயிற்றில் தொங்குகிற லைட்டரில் அங்கேயே பற்றவைத்துக்கொள்கிறான். அந்தப் படத்தை அவன் பார்ப்பதே இல்லை. விலை கூட்டினால் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஒற்றையாக விற்கிறவரை இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாறிமாறி இழுத்துக்கொள்வார்கள். நாம் 2003இல் ஏற்றுக்கொண்ட அதே உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு ஒற்றை விற்பனையைத் தடுக்க முயல வேண்டும் என்கிறது. இத்தனை வருடங்கள் போதாதா?

வெளியில் தடுத்தால் காம்பராவுக்குள் போய்ப் புகைப்பார்கள், பிள்ளைகளுக்கு இன்னும் கேடு என்று ஒரு வாதம் வரும். இந்தப் பயம் எனக்கும் இருந்தது, அதனால் தேடிப் படித்தேன். ஸ்கொட்லாந்தில் 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தபோது இதையேதான் சொன்னார்கள். தடைக்கு முன்பும் பின்பும் ஆரம்பப் பாடசாலையின் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் உமிழ்நீரைச் சோதித்தார்கள், அடுத்தவர் விட்ட புகை உடம்புக்குள் போனதைக் காட்டும் கோட்டினின் என்ற பொருளின் அளவு 39 வீதம் குறைந்திருந்தது. தகப்பன் மட்டும் புகைக்கிற வீடுகளிலும் நன்றாகக் குறைந்தது. தாய் புகைக்கிற வீடுகளில் பெரிதாக மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் லயங்களில் சிகரட்டும் பீடியும் பெரும்பாலும் ஆண்கள் பழக்கம், ஆகவே அந்தக் கணக்கு நமக்குச் சாதகமானதுதான். இருந்தாலும் ஸ்கொட்லாந்து வீடு வேறு, சுவருக்குச் சுவர் ஒட்டிய லயம் வேறு. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஒருவர் பிடித்தால் அடுத்த மூன்று காம்பராவுக்கும் புகை போகும். அதற்குச் சட்டத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை, பெண்கள் வாய் திறந்து சொன்னால் போதும், பல இடங்களில் சொல்லத் தொடங்கியும் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. பஸ் தரிப்பிடம், பாடசாலை வீதி, விளையாட்டு மைதானம், காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களம் இவற்றையும் புகைக்கக்கூடாத இடங்களாக்கப் பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் முன்வர வேண்டும். பாடசாலைக்குப் பக்கத்துக் கடைகளில் ஒற்றைச் சிகரட் விற்பனையை நிறுத்த வேண்டும், யாழ்ப்பாணம் உட்பட எத்தனையோ ஊர்களில் வர்த்தகர்கள் தாங்களாகவே சிகரட் விற்பதையே விட்டிருக்கிறார்கள், அவர்கள் கடையை மூடிவிட்டுப் போகவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டெங்குக் குடம்பி தேடி வரும்போதே கடை வாசலையும் ஒரு பார்வை பார்க்கலாம், 21 வயது விதியை நினைவூட்டலாம், அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. கோயில் நிர்வாக சபைகளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. திருவிழா நோட்டீஸில் மதுபானத்துக்கு எதிராகப் போடுகிற வரிக்குக் கீழே, கோயில் எல்லைக்குள் புகைக்கக்கூடாது என்று இன்னொரு வரி போட்டு, ஒலிபெருக்கியில் நாலு தடவை சொன்னால் போதும். மாசி, பங்குனித் திருவிழாக்களுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே சபைகள் கூடி இதைத் தீர்மானிக்கலாம்.

இப்படிக்கு,
தனியார் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.