ஜன்னலோரப் பூனை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதுமாகவே என் டோக்கியோ வாழ்க்கை ஓடுகிறது. தாமதத்துக்குத் திட்டாதே. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் வீட்டுப் பூனை பரணில் குட்டி போட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்த மறுநாள் நானும் ஒரு பூனையைப் பார்த்தேன்.

இங்கே ஜிம்போச்சோ என்றொரு பகுதி. தெரு நெடுகப் பழைய புத்தகக் கடைகள். அதில் ஒரு கடையில் மரக்கட்டை அச்சு ஓவியங்களும் விற்கிறார்கள். ஹிரோஷிகே என்ற ஓவியர் 1857இல் வரைந்த படம் ஒன்று. பழைய முறையிலேயே மறுபடி கட்டை செதுக்கி அச்சிட்டது. மாடி ஜன்னல் திண்டில் ஒரு வெள்ளைப் பூனை, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. கீழே வயல், தூரத்தில் ஃபூஜி மலை, வயலுக்கு நடுவே எறும்புச் சாரை மாதிரி திருவிழாக் கூட்டம். கடைக்காரர் தாளை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். பூனையின் உடம்பு லேசாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தது! மை தொடாத கட்டையில் தாளை வைத்து அழுத்தித் தேய்ப்பார்களாம். கராசுரி என்று பெயர்.

அச்சகத்திலேயே தலை நரைத்தவன் நீ, உனக்கு இது பிடிக்கும்: ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. நிறம் விலகாமலிருக்க ஒவ்வொரு கட்டையிலும் மூலையில் ஒன்று, விளிம்பில் ஒன்று என்று இரண்டு வெட்டு. தாளை அதில் முட்டக் கொடுத்து வைத்தால் போதும். நீயும் நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, கலர் விலகிய காலண்டர் தாள்களைக் கழித்துப் போட்டதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, பூனைக்கு வருகிறேன். அந்த மாடி இருப்பது யோஷிவாராவில். டோக்கியோ எடோவாக இருந்த காலத்தில் அரசு அனுமதியோடு கணிகையர் வாழ்ந்த பகுதி. திருவிழா நாளில் அங்கே கூட்டம் அலைமோதுமாம். தரையில் புதுக் கொண்டை ஊசிகள், திண்டில் ஒரு துண்டு, இடது ஓரத்தில் மடிப்புத் திரையின் விளிம்பு. அறைக்குரிய கணிகையைக் காணோம். ஊசி வாங்கி வந்தவனையும் காணோம். பூனை மட்டும்தான் இருக்கிறது. அவளை வரைந்திருந்தால் இவ்வளவு நேரம் நின்று பார்த்திருப்பேனா, தெரியவில்லை.

குனியோஷி என்று இன்னொரு ஓவியர். பூனைப் பைத்தியம். வரையும்போதும் கிமோனோவின் மார்பு மடிப்புக்குள் ஒரு குட்டி இருக்குமாம். 1842இல் அரசு சிக்கனம், ஒழுக்கம் என்று கிளம்பி, நாடக நடிகர்களையும் கணிகையரையும் படம் போடக் கூடாது என்று தடை போட்டது. விற்பனையே அவர்களை நம்பித்தானே! இவர் பூனைக்கும் ஆமைக்கும் நடிகர்களின் முகச்சாயலைக் கொடுத்தார். பார்க்கிறவனுக்கு யாரென்று தெரியும். கேட்டால் வெறும் பூனை. நம் ஊர்க் கார்ட்டூன்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, இல்லையா?

ஹிரோஷிகேயின் ஆமையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பூனைப் படம் வந்த அதே வரிசைப் படம்தான். இடம் ஒரு பாலம்; அதன் பெயர் மன்னென், அதாவது பத்தாயிரம் ஆண்டு. ஆமைக்கும் அங்கே அவ்வளவு ஆயுள் என்பார்கள். ஆனால் படத்தில் அது கயிற்றில் தொங்குகிறது. காசு கொடுத்து வாங்கி ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று விற்பனைக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். புண்ணியம் விற்க முதலில் அதைப் பிடித்தாக வேண்டுமே! தொங்கியபடியே அதுவும் ஃபூஜி மலையைப் பார்க்கிறது.

பூனைப் படத்தின் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாகக் கீழே வைத்துவிட்டேன். மருமகளிடம் சொல்லாதே, அடுத்த வாரம் மறுபடி போகப் போகிறேன்.

அப்புறம், பரணில் வெள்ளைக் குட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் யாருக்கும் கொடுத்துவிடாதே. மார்ச்சில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
ராமு