நாற்கால ஒருசந்தி: செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

பங்குத்தந்தை, தலைவர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாற்கால ஒருசந்தி, அதாவது வருடத்தின் நான்கு காலங்களிலும் புதன், வெள்ளி, சனியில் பிடிக்கும் நோன்பு, இப்போது கட்டளை அல்ல. 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் தவ விதிகளைத் திருத்தியபின், விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாய ஒருசந்தி. "பிடிக்காவிட்டால் பாவமா?" என்று கேட்போருக்கு இதுவே பதில். நாம் விரும்பிப் பிடிக்கிறோம்.

இவ்வருடம் பெப்ரவரி 21, 23, 24, மே 22, 24, 25, செப்டெம்பர் 18, 20, 21, டிசம்பர் 18, 20, 21 ஆகிய புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் அனுசரித்தோம். பெப்ரவரி 23 போயா (பௌர்ணமி) விடுமுறை, மே 24 வெசாக் விடுமுறை என்பதால் அவ்விரு வெள்ளியும் பகலிலேயே செபம் வைத்தோம். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். சனி செபம் முந்தின இரவே முடிந்தது. முன்பு குருப்பட்டம் கொடுத்தது இந்தச் சனிக்கிழமைகளில்தான். அதனால் நான்கு காலமும் அம்பிட்டிய குருமட மாணவர்களுக்காகச் செபமாலை சொன்னோம்.

ஒருசந்தி என்றால் பட்டினி அல்ல. ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிறு உணவு. சிறியவை இரண்டும் சேர்ந்தாலும் முழுச் சாப்பாட்டு அளவுக்கு வரக்கூடாது. காலையில் வெறும் பிளேன்டீயோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போனால் பத்து மணிக்கே மலையில் தலை சுற்றும். காலையில் அரை ரொட்டி, பகல் சோறு, இரவு கஞ்சி என்பதே கொழுந்து எடுப்பவர்களுக்குச் சரி. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் பிடிக்கவே வேண்டாம். இறைச்சியை விட்டால் போதும். மாசி மீன்தான் என்பதால் மாசிச் சம்பல் சுத்தபோசனத்தை (இறைச்சி தவிர்ப்பதை) கெடுக்காது. இதை வருடாவருடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கஞ்சிக்கு 50 பேருக்கு இரண்டரைக் கிலோ அரிசி, 25 லீட்டர் தண்ணீர், நான்கு தேங்காய். நம் உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் அரிசி வேகச் சுணங்கும். செபத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும். தேங்காய்ப்பால் இறக்கியபின்தான். கொதியில் ஊற்றினால் திரிந்துபோகும்.

அடுத்த வருடம் ஒரு சிக்கல். திருச்சிலுவைத் திருநாளான செப்டெம்பர் 14 ஞாயிறு. பழைய கணக்கில், அந்தத் திருநாளுக்குப் பின் வரும் புதன், வெள்ளி, சனி, அதாவது 17, 19, 20. 1960ஆம் ஆண்டு விதிப்படி மூன்றாம் ஞாயிற்றுக்குப் பின் வரும் 24, 26, 27. இந்தக் கூட்டத்திலேயே ஒன்றைத் தீர்மானித்தால்தான் நாட்காட்டியை அச்சுக்குக் கொடுக்கலாம்.

செயலாளர்