கால் குடைச்சலுக்குப் பாலும் பழமும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தூக்கமின்மை கட்டுரையில் ஒரு வரி: 'பெண்களுக்குத் தூக்கம் வராததற்குப் பெரும்பாலும் மனக்கவலையே காரணம், படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் போதும்.' இதையேதான் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வருஷக்கணக்கில் கேட்டேன். நீங்களுமா இப்படிச் சொல்ல வேண்டும்?

என் தூக்கத்தைக் கெடுத்தது கால் குடைச்சல். பகலில் ஒன்றும் இருக்காது. இரவு படுத்துக் கண் சொக்கும் நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊரும். நீட்டினாலும் மடக்கினாலும் அடங்காது. எழுந்து நடந்தால் நிற்கும். படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். பழைய புடவையைக் கிழித்து இரண்டு காலையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். ஒரு டாக்டர் 'டென்ஷன்' என்றார். இன்னொருவர் தூக்கம் வரட்டும் என்று அலர்ஜி மாத்திரை எழுதினார். தூக்கக் கலக்கம் தரும் அந்த வகை மாத்திரைகள் குடைச்சலை இன்னும் கூட்டிவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு பெண் மருத்துவர்தான், மாதவிலக்கில் எவ்வளவு ரத்தம் போகிறது என்று கேட்டார். பெரும்பாடு, அளவுக்கு மீறிப் போகிறது என்றேன். உடனே ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு அது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இந்தச் சேமிப்பு வற்றிப்போயிருக்கலாம். மூளையில் நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் தயாராக இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் காலில் இந்தத் தொல்லை வரலாம். ஸ்வீடன் மருத்துவர் எக்போம் 1945லேயே, ஆங்கிலத்தில் 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்கிற இந்த நோயை விரிவாக எழுதியிருக்கிறார். இன்னொரு விஷயம்: பல லேப்களில் ஃபெரிட்டின் 15 (மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) இருந்தாலே 'நார்மல்' என்று அச்சடித்துத் தருகிறார்கள். கால் குடைச்சல் உள்ளவர்களுக்கோ 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்க்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். எனக்கும் 'நார்மல்' என்றுதான் வந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் கால் கட்டும் துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. காபி, டீயும் அப்படித்தான். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். நீங்களோ உங்கள் இதழின் 'பெண்கள் பக்கம்' பகுதியில், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைப் பற்றி ஒரு பக்கம் சிலாகித்து எழுதினீர்கள். அப்போதே கடிதம் போட்டேன். இரண்டு வரியாகச் சுருக்கி, 'கட்டுரை அருமை' என்று நான் எழுதாததைப் போட்டீர்கள். மனசு வலித்தது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறவர்கள் இவர்கள். இரும்புச்சத்துள்ள ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) வாங்கினால்கூட ஆண்பிள்ளைகளுக்கும் குழந்தைகளுக்கும் போக இவர்கள் தட்டுக்கு எவ்வளவு வரும்? கர்ப்பிணிகளுக்குக் கால் குடைச்சல் அதிகம் வரும். அவர்களிடம் போய் கவலைப்படாதே, பால் குடி என்றால் என்ன நியாயம்? கவலையால் தூக்கம் கெடுவதும் உண்டுதான். ஆனால் சோதித்துப் பார்க்காமலே பெண்ணின் மனசின் மேல் பழி போடுவதை இனியாவது விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி: இரவில் கால் குடைச்சலால் தூங்க முடியாதவர்கள் மருத்துவரிடம் ஃபெரிட்டின் சோதனை பற்றிக் கேட்க வேண்டும், சோதிக்காமல் தாங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது, சிலருக்கு உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். அவ்வளவுதான். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் சுருக்குங்கள். அந்த 75 என்ற எண்ணை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி.